உங்கள் பெயரில் ஒரு 555 புத்தகம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தைப் பற்றி நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் சின்னஞ்சிறு நோட்டு. அட்டையில் மூன்று ஐந்துகள். தோட்டத்து மளிகைக் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதில் ஒன்றின்மேல் நம் அப்பாவின் பெயர் இருக்கும். சீனி, டின் பால், மண்ணெண்ணெய், நெத்திலி என்று கடைக்காரர் எழுதிக்கொண்டே வருவார். சம்பள நாளன்று அந்தப் புத்தகம் சொல்வதுதான் சட்டம். "இந்த நெத்திலியை நான் வாங்கவே இல்லையே!" என்று அம்மா முறையிட்டால், கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் இப்படித் தேதி வாரியாக எழுதப்பட்டுக் கிடந்தது. நாம் செய்த வேலைக்கு மட்டும் நம் கையில் எந்தப் புத்தகமும் இல்லை. அது ஆபீசில், கிராணியின் செக்ரோலில் இருந்தது. முழுப் பேரா அரைப் பேரா என்பதை அவர்தான் எழுதினார். அவர் எழுதியதுதான் கணக்கு. லயத்துச் சுவரில் கரியால் கோடு போட்டுத் தன் பேர்க் கணக்கைத் தானே வைத்துக்கொண்ட பாட்டிமார்கள் சிலர் இருந்தார்கள். எழுத்து தெரியாத அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

"வேலையில் முன்னேற என்ன பழக்கம் வேண்டும்?" என்று இந்தப் பகுதிக்கு எழுதும் தம்பிமார்களும் தங்கைமார்களும் அடிக்கடி கேட்கிறார்கள். நேரத்துக்குப் போக வேண்டும், வாக்குத் தவறக் கூடாது, வேலையில் சோம்பக் கூடாது என்பவற்றையெல்லாம் நான் திரும்ப எழுதப் போவதில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்ற பரம்பரை நம்முடையது. நேரம் தவறாமையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம்மிடம் இல்லாதது வேறொன்று. செய்த வேலையை அன்றன்றைக்கே எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கிள்ளான் பக்கத்தில் ஒரு லாரிப் பட்டறையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கியர்பாக்ஸ் இறக்குவது, கிளட்ச் மாற்றுவது, எஞ்சின் பிரித்துச் சேர்ப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் தொழிலை எடுத்து நடத்த விரும்பவில்லை. பட்டறையை மூடிவிட்டார்கள். நம்மவர் சொந்தமாக லாரிகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனார். பேட்டி எடுத்தவர் சின்ன வயதுக்காரர். "என்னென்ன வண்டிகள் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "எல்லா வண்டியும் பார்த்திருக்கிறேன் சார்." "கடைசியாகச் செய்த கஷ்டமான வேலை எது?" நம்மவர் யோசித்தார், யோசித்தார். "எல்லாம் கஷ்டமான வேலைதான் சார்" என்றார். சர்ட்டிபிகேட் ஏதாவது உண்டா என்றார்கள். இல்லை. பழைய முதலாளியின் கடிதம்? அதுவும் வாங்கி வைக்கவில்லை.

உதவியாளர் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 45. மூத்த பெண் ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எல்லாம் தெரியும்" என்று சொல்கிறவர்கள் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். அவர்களில் யாருக்கு உண்மையிலேயே தெரியும் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? விவரமாகச் சொல்கிறவனைத்தான் கேட்பவர் நம்புவார். 19 ஆண்டு வேலையில் ஒரு விவரம்கூட அந்த நேரத்தில் நாக்குக்கு வரவில்லை என்றால் அது அறிவுக் குறைவு அல்ல. மனித மூளை அப்படிப்பட்டது. போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் என்ன வேலை செய்தீர்கள் என்று இப்போது நான் கேட்டால் உங்களுக்கே சொல்ல வராது. சோதித்துப் பாருங்கள்.

அவர் இப்போது எழுதுகிறார். நான் சொல்லிக் கொடுத்த முறை மிகச் சாதாரணமானது. தேதி, லாரி எண், என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தேன், எவ்வளவு நேரம் பிடித்தது. இரண்டு வரி போதும். வேலை முடிந்து கை கழுவிய கையோடு எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் நடக்காது.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே லாரி, ஒரே பின்சக்கரம், மூன்று முறை பிரேக் பிடிக்கவில்லை என்று வந்திருக்கிறது. மூன்று முறையும் சக்கரத்து ஆயில் சீல் கசிந்து பிரேக் லைனிங் நனைந்திருக்கிறது. மூன்று முறையும் சீலை மாற்றி, லைனிங்கை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது சரியான வேலைதான். மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அச்சின் மேல் ஒரு சிறு காற்றுத்துளை உண்டு. அதைச் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. வண்டி ஓடிச் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடும். போக வழியில்லாமல் எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். துளையைச் சுத்தம் செய்தார். அதன் பிறகு அந்த லாரி பிரேக் கோளாறுக்கு வரவில்லை.

அந்த மாதமே சம்பளம் ஏறிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஏறவில்லை. ஆனால் புரியாத கோளாறோடு வண்டி வந்தால் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். உதவியாளரை இப்படிக் கூப்பிடும் பழக்கம் அங்கே முன்பு இருந்ததில்லை.

லாரிக்காரருக்குச் சரி, எங்களுக்கு என்ன என்று மற்றவர்கள் கேட்கலாம். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர் பிளாக் எண், வெட்டிய குலை, மழையால் நின்ற நேரம் ஆகியவற்றை எழுதலாம். ஆபீசில் இருப்பவர் யார் எதைக் கேட்டார்கள், எப்போது தருவதாகச் சொன்னோம், எப்போது கொடுத்தோம் என்று எழுதலாம். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெண்பிள்ளைகள் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பெட்டி முடித்தீர்கள் என்பதோடு, எத்தனை புதியவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுத்தீர்கள் என்பதையும் தேதியோடு எழுதி வையுங்கள். பொருளை எண்ண மெஷினே இருக்கிறது. ஆளைப் பழக்கியதை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் லைன் லீடராக யாரைப் போடலாம் என்று மேலே பேச்சு வரும்போது அதுதான் வேண்டியிருக்கிறது.

ஆண்டு முடிவில் மேலதிகாரி கூப்பிட்டு, "இந்த வருஷம் என்ன செய்தாய்?" என்று கேட்கிறார். நாம் தலையைக் குனிந்துகொண்டு, "கொடுத்த வேலையைச் செய்தேன் சார்" என்கிறோம். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் அவருக்குக் கீழே முப்பது பேர் இருக்கிறார்கள். கடைசி இரண்டு மாதத்தில் நடந்ததுதான் அவருக்கும் நினைவிருக்கும். பிப்ரவரியில் நீங்கள் இரவு ஒரு மணி வரை நின்று முடித்துக் கொடுத்த வேலை அவர் மனத்திலிருந்து போயே போய்விட்டது. "நம் வேலையே நமக்காகப் பேசும்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலைக்கு வாய் கிடையாது. தன்னைப் புகழ்ந்துகொள்வது வேறு, கணக்கை எடுத்து வாசிப்பது வேறு. "பிப்ரவரி 14, மார்ச் 3, ஜூன் 20" என்று தேதி சொல்கிறவனைத் தற்பெருமைக்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

இனி, பணத்துக்கு வருவோம். இதில் ஒளிவு மறைவு எதற்கு? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. மாதம் 1,700 வெள்ளி வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம்: 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்குச் சுமார் 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாளில் ஓவர்டைம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. "கொஞ்சம் முடித்துவிட்டுப் போங்கள்" என்று தினமும் அரை மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். அது கணக்கில் ஏறவில்லை என்று வையுங்கள். மாதத்தில் 22 நாள் என்றால் 11 மணி நேரம். சுமார் 135 வெள்ளி! ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். ஓவர்டைமும் கடன்தான், வாசகர்களே. நமக்கு வர வேண்டிய கடன்.

முதலாளிமார்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல இடங்களில் கவனக்குறைவுதான் காரணம். தேதியும் மணியும் எழுதிய தாளோடு போய் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது, அங்கேயும் முதல் கேள்வி, "எந்தெந்த நாள்?" என்பதுதான். சேமநிதியையும் இதே நோட்டில் சரிபாருங்கள். அறுபது வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளி மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கினால் அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. ஒவ்வொரு மாதப் பணத்தையும் முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள், இ.பி.எஃப். கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். சிங்கப்பூர் வாசகர்களுக்கு அங்கே 2016 ஏப்ரல் முதல் விவரங்களோடு கூடிய சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். கொடுத்த சீட்டைக் கசக்கி எறிபவர்களை என்ன சொல்வது!

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலாளி ஊழியர் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று நம் வேலைச் சட்டம் சொல்கிறது. ஆறே ஆண்டுகள். நீங்கள் உழைப்பதோ முப்பது, நாற்பது ஆண்டு. பத்தாண்டுக்கு முன் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பது உங்களிடம் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்?

நம் சமூகத்துக்கு இது தெரியாத பாடமும் அல்ல. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. 1969க்குப் பிறகு, வாழ்நாளெல்லாம் இந்த மண்ணில் பால் வெட்டியவர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அவர்களுடைய உழைப்பு பொய்யா? மரங்கள் சாட்சி சொல்லுமா? மறுபக்கம் பாருங்கள். 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்தவர்கள், அந்த ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினார்கள். காகிதத்தின் மதிப்பு தெரிந்த கைகள்தாம் நம்முடையவை.

இப்போது இந்த நோட்டினால் கிடைக்கக்கூடிய பெரிய பலனுக்கு வருகிறேன். மனிதவள அமைச்சின் கீழ் திறன் மேம்பாட்டுத் துறை என்று ஒன்று இருக்கிறது. மலாயில் சுருக்கமாக ஜே.பி.கே. என்பார்கள். மலேசியத் திறன் சான்றிதழை, அதாவது எஸ்.கே.எம். என்று பிள்ளைகள் சொல்வதை, கொடுப்பது இந்தத் துறைதான். அது தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. வேலை செய்தே தொழில் கற்றவர்களுக்கும் வழி உண்டு. அதற்குப் பெங்கிக்திராஃபான் பெஞ்சாப்பையான் தெர்டாஹுலு என்று பெயர். பெயர் நீளம், சுருக்கமாக பி.பி.டி. முன்பே அடைந்த திறமையை அங்கீகரிப்பது என்று பொருள். வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கென்று நாட்டில் ஒரு தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு வேலையையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டும். வேலைச் சீட்டு, புகைப்படம், மேலதிகாரியின் கடிதம் போன்றவை ஆதாரமாகும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து உங்களைக் கேள்வி கேட்பார். கட்டணம் உண்டு. தேறினால் கிடைப்பது அதே எஸ்.கே.எம். சான்றிதழ்தான்.

இதில் பலர் எங்கே இடறி விழுகிறார்கள் தெரியுமா? தொழில் தெரியாமல் அல்ல. ஆதாரம் கேட்கும் இடத்தில். பதினைந்து ஆண்டு வேலை செய்தவர் வெறுங்கையோடு போய் நிற்கிறார். "கோப்பை நாங்களே தயார் செய்து தருகிறோம், பணம் மட்டும் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். பிறர் செய்த வேலையின் படத்தை வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளர் முன் உட்கார்ந்தால் இரண்டாவது கேள்வியிலேயே வியர்த்துவிடும். உங்கள் நோட்டை வைத்துத் தயார் செய்த கோப்பு என்றால், கேட்டதற்கெல்லாம் உங்களுக்கே பதில் வரும். நான் சொன்ன லாரிக்காரர் இப்போது அந்தக் கோப்பைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மகள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறாள்.

கைப்பேசியிலேயே எழுதலாமே என்று இளையவர்கள் கேட்பீர்கள். எழுதுங்கள். படம் எடுப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. அனுமதி கேட்டு எடுங்கள். சில தொழிற்சாலைகளில் கேமராவைத் தொட்டாலே வேலை போய்விடும். ஆனால் கைப்பேசி தண்ணீரில் விழும், திருட்டுப் போகும். வாரக் கடைசியில் நோட்டில் ஏற்றிவிடுங்கள். மெஷினில் அச்சாகி வரும் வழவழப்பான சீட்டுகள் ஓராண்டில் வெளுத்துவிடும். உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. கம்பெனியின் விலை விவரம், வாடிக்கையாளர் பெயர், மருத்துவமனையில் வேலை என்றால் நோயாளியைப் பற்றிய செய்தி ஆகியவை உங்கள் சொத்து அல்ல. "இன்று சூப்பர்வைசர் முறைத்தார்", "மண்டோர் மற்றவனுக்கு நல்ல நெரை கொடுத்தார்" என்பதையும் இதில் எழுதாதீர்கள். மனக்குறையை வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். நோட்டில் மணியும் எண்ணும் வேலையும் மட்டும் இருக்கட்டும். நாளைக்கு மூன்றாம் மனிதர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்தால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா வேலைக்குப் போகிறார், அவர் என்ன செய்வார் என்று பேராக்கிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தாள். நீயே எழுது, அம்மா! சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுது. எத்தனை மணிக்குப் போனார், எந்தப் பிளாக், எத்தனை மூட்டை உதிரி பொறுக்கினார், எப்போது திரும்பினார் என்று எழுது. தமிழிலேயே எழுதலாம். அம்மா ஒரு நாளில் என்னவெல்லாம் செய்கிறார் என்பது பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்துவிடும்.

555 புத்தகம் இன்றும் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று தீர்ந்ததும் எறிந்துவிடாமல், அட்டையில் ஆண்டை எழுதி டின்னில் போடுங்கள். பேனாவை ஒரு நூலில் கட்டிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேனா தங்காது.